அடிச்சுற்று

பகவதிப்பெருமாளின் கடையில் ரீல் சுற்றக் கொடுப்பவர்கள் கூடவே ஒரு சொற்பொழிவையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாலைக் கடைத்தெருவில், பாத்திரக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில், தூண்டில் சாமான் விற்கிற கடை அவருடையது. தகப்பனார் காலத்தில் கொக்கியும் ஈயக்குண்டும் வலைநூலும் விற்ற இடம். இப்போது வாரக் கடைசியில் கடற்கரைப் பாறைகளில் நின்று தூண்டில் வீசும் ஆபீஸ் பையன்கள் வருகிறார்கள். ரீல் வாங்கும்போது அதன் ஸ்பூல் என்கிற உருளை வெறுமையாக இருக்கும். அதில் தூண்டில் நரம்பைச் சுற்றிக் கொடுப்பது கடையின் பொறுப்பு. சொற்பொழிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

"பிரெய்டுன்னா என்னது? பின்னின நூலாக்கும். பட்டு மாதிரி வழுக்கும். வெறும் ஸ்பூலுல நேரா சுத்தினா பிடிப்பே இருக்காது, கேட்டீங்களா. பெரிய மீனு இழுக்க நேரத்துல சுத்தின நரம்பு மொத்தமும் ஒரே வளையமாட்டு ஸ்பூலுக்க மேல நழுவும். அதுக்குத்தான் அடியில கொஞ்சம் தங்கூசி. தங்கூசி ஸ்பூலைக் கவ்விப் பிடிச்சுக்கிடும். பிரெய்டு தங்கூசியைப் பிடிச்சுக்கிடும்."

தங்கூசி என்றால் சாதாரண நைலான் நரம்பு. பையன்கள் அதை பேக்கிங் என்பார்கள். அவர் அடிச்சுற்று என்பார். "அடிச்சுற்று இல்லாம ஒரு ரீலு எனக்க கடையை விட்டு வெளிய போவாது" என்று சொல்லி முடிப்பார். அவர் மகள் அஞ்சு பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலிருந்து ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக் கொடுத்தவள். அந்தச் சொற்பொழிவை அவளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அடிச்சுற்று இல்லாமல் ரீல் வெளியே போகாது என்று அவர் சொன்னது பொய்யும் இல்லை, வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவனின் ரீல் கடைக்கு வரும்வரை.

அஞ்சுவுக்குக் கரமனையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பையன் வினீத், டெக்னோபார்க்கில் வேலை. தூண்டில் பைத்தியம் அவனுக்குப் புதிதாகப் பிடித்திருந்தது. மாமனார் கடையே தூண்டில் கடை என்று தெரிந்ததும் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம், பெண்ணைப் பார்த்தபோது ஏற்பட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான் என்று அஞ்சு கேலி செய்வாள். அவன் அப்பா உச்சிமாகாளி, அக்கவுண்ட்ஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர், ஓய்வுக்குப் பிறகு அதைச் சம்பளம் இல்லாமலே செய்துவந்தார். வீட்டில் அவர் கையில் அதிகம் அகப்பட்டவன் மூத்த மகன் ஸ்ரீஜித். மஸ்கட்டில் கம்பெனி மூடிப்போய் ஊருக்குத் திரும்பி, வேலை தேடிக்கொண்டிருந்தான்.

அந்த ஸ்ரீஜித்தான் தம்பிக்கு ஒரு ரீல் கொண்டுவந்திருந்தான். கறுப்பும் பொன்னிறமுமாக, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத சாமான். மஸ்கட்டை விட்டு வரும்போது அவன் பெட்டியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று பேருமாக ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பகவதிப்பெருமாள் அப்போது வேறொரு வாடிக்கையாளரின் ரீலுக்கு அடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி நாற்காலியில் அமர்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்னது சம்மந்தி, சாதா நைலான்லா?"

"ஆமா, அடியில இது. மேல பிரெய்டு வரும்."

"அப்பம் வெளிய பாத்தா முழுசும் பிரெய்டாட்டு தெரியும்." உச்சிமாகாளி மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "சாலையில அரிசிச் சாக்கும் இப்பிடித்தானே நெறப்புவாங்க. மேல நல்ல அரிசி, அடியில நொய்யி."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வினீத் "அப்பா, சும்மா இரிங்க" என்றான். பகவதிப்பெருமாளும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது, பெண் கொடுக்கிற இடம். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் நாணயமாகச் செய்துவந்த வேலையை நொய்யரிசியோடு சேர்த்துவிட்டாரே என்று உள்ளுக்குள் புகைந்தது. அந்த நேரத்தில் அவர் செய்திருக்க வேண்டியது ரொம்பச் சுலபம். எல்லோரிடமும் அடிக்கிற அதே சொற்பொழிவை சம்பந்தியிடமும் அடித்திருக்கலாம். வாய் வரவில்லை. விளக்கம் சொன்னால் திருடன் சமாதானம் சொல்வது மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

"அது கடைக்கு வாறவங்களுக்கு. மாப்பிள்ளைக்கு அடியில நைலானா? நல்லா இருக்கே. முழுக்க முழுக்க பிரெய்டே சுத்தித் தாறேன்" என்றார்.

"வேண்டாம் மாமா, எல்லாருக்கும் போடுகது போலப் போட்டா போதும்" என்றான் ஸ்ரீஜித்.

"நீங்க சும்மா இரிங்க மக்கா. நம்ம வீட்டுச் சாமான் இது."

கடையில் இருந்ததில் உயர்ந்த பிரெய்டை எடுத்து, புதுப் பெட்டி பிரித்து, வெறும் ஸ்பூலில் முடிச்சுப் போட்டார். ஒரு துண்டு டேப்பாவது ஒட்டிவிட்டுச் சுற்றினால் கொஞ்சம் பிடிப்பு இருக்கும் என்று தெரியும். டேப்புக்குக் கையை நீட்டவும் செய்தார். உச்சிமாகாளியின் கண் கூடவே வந்தது. அடியில என்னத்தை ஒட்டுகீங்க என்று கேட்பார். கையை இழுத்துக்கொண்டார். வினீத் ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் கைப்பிடியைச் சுழற்றினார். சுற்றச் சுற்றப் பச்சை நரம்பு அழகாக ஏறி விளிம்பு வரை நிறைந்தது. முடித்துவிட்டு, பழக்கத்தில், சுற்றின நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். மொத்தமும் ஒரு இம்மி நகர்ந்தது.

நகர்ந்ததை அவர் விரல் அறிந்தது. வேறு யாரும் அறியவில்லை. பாறையில் நின்று விளையாட்டுக்கு வீசுகிற பையன், அவனுக்கு என்ன பெரிய மீன் மாட்டிவிடப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு ரீலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். "பார்த்தியா, இதாக்கும் மரியாதை" என்று உச்சிமாகாளி வினீத்திடம் சொன்னார். அதைக் கேட்டு பகவதிப்பெருமாளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விழிஞ்ஞத்துக்குப் போனார்கள். துறைமுகத்துக் கிரேன்கள் தூரத்தில் தெரிகிற ஒரு பாறைக்கூட்டம், வினீத் கண்டுபிடித்து வைத்திருந்த இடம். சம்பந்தியும் வர வேண்டும் என்று உச்சிமாகாளி பிடிவாதமாகச் சொன்னதால் பகவதிப்பெருமாளும் கடைக்குட்டிப் பிள்ளை போல வேனில் ஏறிக்கொண்டார். ஸ்ரீஜித் எல்லோருக்கும் புட்டும் கடலைக்கறியும் பொதிந்து எடுத்து வந்திருந்தான். தம்பி வீசும் ஒவ்வொரு வீச்சையும் பார்த்து, "எத்தற தூரம் போகுது பாருங்க மாமா, நல்ல ரீலு அல்லே?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். அவரும் ஆமா ஆமா என்றார்.

வெயில் ஏறி, போகலாம் என்று எல்லோருக்கும் தோன்ற ஆரம்பித்த நேரத்தில் மீன் அடித்தது. தண்ணீர் ஒரு தடவை பிளந்து மூடியது. தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது.

"வற்றயாக்கும்" என்று பக்கத்துப் பாறையில் தூண்டில் போட்டிருந்தவர் மலையாளத்தில் சொன்னார். நம்மூரில் பாரை என்கிற மீன். பக்கத்துப் பாறைக்காரர்கள் தங்கள் தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அப்படி மரியாதை செய்யும்படியான மீன் அது.

வினீத் கைப்பிடியைச் சுழற்றினான். கைப்பிடி சுழன்றது, நரம்பு உள்ளே வரவில்லை. மீன் ஓடியது. ஓடுகிற மீனுக்கு அளவாக நரம்பை விட்டுக்கொடுத்து, கூடவே இறுக்கிப் பிடிக்கவும் செய்கிற டிராக் என்கிற திருகு ரீலின் தலையில் உண்டு. அவன் அதை முறுக்கினான். இன்னும் முறுக்கினான். முழுக்க முறுக்கின பிறகும் நரம்பு போய்க்கொண்டே இருந்தது.

"டிராக் பிடிக்கல்ல. சேட்டா, டிராக் வேலை செய்யல்ல."

ஸ்ரீஜித் ஓடிப்போய்த் தம்பியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரீலைக் குனிந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பகவதிப்பெருமாளுக்கு நின்ற இடத்திலிருந்தே விளங்கியது. ஸ்பூல் அசையாமல் நிற்கிறது, அதன் மேல் பச்சை நரம்பு மொத்தமும் ஒரே வளையமாகச் சுழல்கிறது. எத்தனையோ பேருக்கு வாயால் வர்ணித்ததை அவர் கண்ணால் பார்ப்பது அன்றைக்குத்தான். மீன் பாறைக்கு அடியில் புகுந்தது. நரம்பு அறுந்து, வளைந்த கம்பு நிமிர்ந்தது.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாறைக்குத் திரும்பினார்கள்.

"டூப்ளிகேட்" என்றார் உச்சிமாகாளி. "மஸ்கட்டுல போயி இத்தற வருஷம் இருந்து இவன் ஒரு சாமானம் வாங்கிட்டு வந்தான். அதும் டூப்ளிகேட்."

"அப்பா, இது ஒரிஜினலாக்கும். ஷோரூம்ல வாங்கினது."

"ஒரிஜினலுக்க லட்சணத்தைத்தான் எல்லாரும் பாத்தாச்சே. சம்மந்தி, நீங்க சொல்லுங்க. தொழில் தெரிஞ்சவங்கல்லா."

இப்போது எல்லோரும் பகவதிப்பெருமாளைப் பார்த்தார்கள். ஸ்ரீஜித்தும் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. இவர் ஒருத்தர் தனக்காகச் சொல்லுவார் என்கிற நம்பிக்கை. பகவதிப்பெருமாள் ரீலைப் பார்த்தார். இத்தனை பேர் நடுவில், இவ்வளவு பெரிய மீன் போன பிறகு, தப்பு என்னுடையது என்று எப்படிச் சொல்வது? அவர் பேசாமலாவது இருந்திருக்கலாம்.

"இப்பம் டூப்ளிகேட் ரொம்ப வருது. பாத்தா தெரியாது" என்றார்.

ஸ்ரீஜித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு குனிந்து, சாப்பிட்ட இலைகளையும் காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தான். வேனில் திரும்பும்போது, ரீலைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று பகவதிப்பெருமாள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது என்பதுதான் அவருக்குக் கவலை. அந்தக் கவலையை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து கடைக்கு வந்த அஞ்சு, மேஜையில் இருந்த ரீலை எடுத்தாள். யாரும் சொல்லாமலே கட்டைவிரலை நரம்பில் வைத்துத் தள்ளினாள். நரம்பு மொத்தமும் வழுக்கிச் சுற்றியது. அவள் இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல அடிச்சுத்து இல்லியே."

அவர் கொக்கிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கின பெட்டியையே திரும்ப அடுக்கினார்.

"யாரு சுத்தினது?"

"நான்தான்."

"நீங்களா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக அவள் அவரை அடித்திருக்கலாம். அவர் நொய்யரிசிப் பேச்சை ஆரம்பித்தார். சம்பந்தி அப்படிச் சொன்னார், கடையில் ஆள் நின்றது, மரியாதைப் பிரச்சினை என்று ஏதேதோ சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது காதில் விழக் கேவலமாக இருந்தது. அவர் சொல்லி முடித்த பிறகு அஞ்சு சொன்னாள்: "ஸ்ரீஜித்தண்ணன் நேத்து ராத்திரி ஆகாரம் சாப்பிடல்லியாம். மஸ்கட்டுல ரீலு வாங்கின ஷோரூமுக்கு, ஏமாத்திட்டீங்கன்னு மெயில் எழுதிட்டு இருக்காராம். வினீத் சொன்னாரு."

"நான் சரியாக்கிக் கொடுத்திடுகேன் மோளே. நல்லா அடிச்சுத்து போட்டு."

"ரீலைச் சரியாக்குவீங்க" என்றாள் அவள். "நான் வினீத்துகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன். நான் சொன்னா நீங்க சொன்னதாட்டு ஆவாது." கைப்பையை எடுத்துக்கொண்டு, வழக்கமாக அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போகிறவள், அன்றைக்குத் தனியாக ஆட்டோ பிடித்துப் போனாள்.

பகவதிப்பெருமாள் பிரெய்டு முழுவதையும் உருவி எடுத்தார். தங்கூசியால் நல்ல இறுக்கமாக அடிச்சுற்று சுற்றி, அதன் நுனியில் பிரெய்டை முடிந்து, மேலே சுற்றினார். நரம்பைப் பிடிக்க ஆள் இல்லாததால் முழங்கால்களுக்கு நடுவில் ஈரத்துணியை இடுக்கிக்கொண்டு தனியாகவே சுற்றினார். வேலை முடிந்ததும் விரலால் தள்ளிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. அப்போதும் அவர் மனசில் இருந்த யோசனை இதுதான்: உள்ளே ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தது, முறுக்கிவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். ரீலும் நல்லதாகிவிடும், ஸ்ரீஜித்தின் பேரும் தப்பிவிடும், தன் பேரும் தப்பிவிடும்.

அந்த யோசனையோடுதான் அடுத்த நாள் கரமனைக்குப் போனார். முன்னறையில் உச்சிமாகாளி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வினீத் ஆபீசுக்குப் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை. ரீலைக் கம்பில் மாட்டி, நரம்பின் நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, டிராக்கை முறுக்கி இழுத்துப் பார்த்தான். கம்பு வளைந்தது, நரம்பு இம்மியும் நழுவவில்லை.

"சூப்பர் மாமா. என்ன செய்தீங்க?"

"உள்ள ஒரு ஸ்க்ரூ லூசாட்டு இருந்து. முறுக்கிவிட்டேன்."

ஸ்ரீஜித் உள்ளேயிருந்து வந்தான். ஜன்னலில் கட்டியிருந்த நரம்பைத் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். முகம் மெல்லத் தெளிந்தது. "அப்பம் டூப்ளிகேட் இல்ல, அல்லே மாமா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ச் சாயாவும் ஏத்தங்காய் உப்பேரியும் அவன் கையாலேயே கொண்டுவந்து வைத்தான். ஃபேனை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

உச்சிமாகாளி பேப்பரை மடித்தார். "டூப்ளிகேட் இல்லாம என்னது? நல்ல சாமானத்துக்கு ஸ்க்ரூ லூசாவுமா? மஸ்கட்டுலேருந்து கொண்டு வந்ததைச் சாலையில உள்ள கடைக்காரரு நேராக்க வேண்டியிருக்கு. சம்மந்தி இல்லன்னா இது குப்பைக்குத்தான் போவும். அவருக்கு ஒரு நன்றி சொல்லுடே."

"தேங்க்ஸ் மாமா" என்றான் ஸ்ரீஜித். தெளிந்த முகம் பழையபடி இருண்டிருந்தது. ஆனாலும் அவன் மனதாரத்தான் சொன்னான்.

பகவதிப்பெருமாள் சாயா டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். தன் பொய் இவனைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தார்; அது இவனை இன்னும் ஒரு படி கீழே தள்ளி, தன்னைத் தூக்கி மேலே உட்கார்த்தி வைத்திருக்கிறது. நன்றி வேறு. டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கம்பை எடுத்து, டிராக்கைத் தளர்த்தி, நரம்பைக் கையால் உருவ ஆரம்பித்தார்.

"என்ன மாமா?" என்றான் வினீத்.

பச்சை நரம்பு தரையில் வளைவளையாக விழுந்து குவிந்தது. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு முடிச்சு வந்தது, முடிச்சுக்குப் பின்னால் வெள்ளையாகத் தங்கூசி தெரிந்தது. அவர் ரீலை உச்சிமாகாளியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது அடிச்சுத்து. நீங்க நொய்யரிசின்னு சொன்னது. இது அடியில இருந்தாத்தான் மேல உள்ளது நிக்கும். எல்லா ரீலுலயும் போடுவேன். மாப்பிள்ளைக்கு முதல்ல சுத்தினதுல மட்டும் போடல்ல."

"ஏன்?" என்றார் உச்சிமாகாளி.

"நீங்க கேலி பேசினதினால." சொல்லிவிட்டு உடனே தலையை ஆட்டினார். "இல்ல. அது காரணமில்ல. எனக்கு வீறாப்பு. வழுக்கும்னு தெரிஞ்சே சுத்தினேன். ரீலுல ஒரு குத்தமும் இல்ல. ஸ்க்ரூவும் லூசில்ல. ஸ்ரீஜித் கொண்டு வந்தது ஒண்ணாந்தரம் சாமானம்."

உச்சிமாகாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தமாசுக்குச் சொன்னதாக்கும் சம்மந்தி" என்றார். குரல் இறங்கியிருந்தது. மூத்த மகன் பக்கம் பார்க்காமல், பேப்பரை மறுபடி விரித்து அதன் பின்னால் போய்விட்டார்.

வினீத் என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் கிடந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீஜித்தான் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் பகவதிப்பெருமாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"அன்னைக்குப் பாறையில வச்சு உங்களுக்குத் தெரியும், அல்லே?"

"தெரியும்."

"பின்னே நீங்களும் டூப்ளிகேட்னு சொன்னீங்க."

"ஆமா மக்கா. சொன்னேன்."

அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது. கேட்டால் அவன் மன்னித்தேன் என்று சொல்லித் தொலைப்பான், வளர்ந்த விதம் அப்படி. அவர் தரையில் உட்கார்ந்து, கம்பைத் தொடைமேல் வைத்து, கைப்பிடியைப் பிடித்தார். நரம்பைத் திரும்பச் சுற்றியாக வேண்டும். பிடித்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீஜித் சமையலறைக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஈரத் தோர்த்துத் துண்டு ஒன்றோடு வந்து, அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நரம்பைத் துணியில் மடக்கிப் பிடித்தான். அவர் சுழற்றத் தொடங்கினார். அவன் வேண்டியதைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் மணிக்கட்டு வலித்தது. ஒரு வார்த்தை சொன்னால் தளர்த்தியிருப்பான். பகவதிப்பெருமாள் சொல்லவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. தரையில் கிடந்த நரம்பு முழுவதும் ஏறி முடியும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார்.